கையை எடுக்காத வரை

எங்கள் வீட்டில் ஒரு கழுதைக்காகத் துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள் என்றால் யாரும் நம்புவதில்லை. எங்களிடம் கழுதையே கிடையாது. அது டிவிக்குள் இருந்த கழுதை.

அதைக் கொண்டுவந்து விட்டவன் என் தம்பி. சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். போன முறை லீவில் வந்தவன் தன் கேம் பெட்டியை டிவியில் மாட்டிவிட்டு, "இத மட்டும் வெளாண்டு பாருக்கா, கண்டிப்பா அழுதுருவ" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான். எனக்குச் சிரிப்புதான் வந்தது. தினமும் கீரனூரிலிருந்து திருச்சி ஆபீசுக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வருகிறவள் நான். கண்டக்டரோடும் சீட்டில் துண்டு போடுகிறவர்களோடும் சண்டை போட்டுப் போட்டே கண்ணீர் வற்றிவிட்டது. சீரியலில் குடும்பமே கூடி அழும்போது எனக்குக் கொட்டாவி வரும்.

விளையாட்டு ரொம்ப எளிது. உப்பு விற்ற காசில் தானியம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிற ஒரு பெண். அவளோடு வயதான ஒரு கழுதை. மலையும் பொட்டலும் தாண்டிக் கடற்கரைக்குப் போய்ச் சேர வேண்டும். துப்பாக்கி இல்லை, எதிரி இல்லை, பேச்சே இல்லை. நடக்க வேண்டும், புல் தேட வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும். கழுதையின் கழுத்தைத் தடவிக்கொடுக்க ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் கழுதையின் மூச்சு, கையில் பிடித்திருக்கும் கண்ட்ரோலர் வழியாக உள்ளங்கையில் அதிரும். முதல் தடவை பயந்துபோய்க் கண்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டேன்.

போகப் போகக் கழுதை தளர்ந்தது. ஏற்றத்தில் நின்றுவிடும். வேண்டுமானால் மூட்டையை இறக்கி அந்தப் பெண்ணின் தோளில் ஏற்றலாம். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. சினிமாவில் யாரோ ஒருவர் கழுதை வளர்க்கிறார், நாம் உட்கார்ந்து பார்க்கிறோம். இதில் புல்லுக்கு அலைந்தது நான். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரும்போதும் அதை எங்கே நிறுத்திவிட்டு வந்தோம் என்று நினைப்பு ஓடும்.

"ஆபீசுல வாங்குற சம்பளம் பத்தலன்னு கழுத மேய்க்கக் கெளம்பிட்டியா?" என்று அம்மா கேலி செய்வாள். ஆனால் துணி மடித்தபடி கூடத்தைக் கடக்கும்போது, "அதுக்குத் தண்ணி காட்டுனியா?" என்றும் கேட்டுவிட்டுப் போவாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்லாமல் இதற்கு மேல் சொல்ல முடியாது. கொரோனா காலத்தில் அப்பா போய்விட்டார். மூச்சு முட்டுகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார். அதற்குப் பிறகு நாங்கள் பார்த்தது பிளாஸ்டிக்கில் சுற்றிய ஒரு பொட்டலத்தைத்தான். முகம் காட்டவில்லை. தொட விடவில்லை. வண்டி நேராகச் சுடுகாட்டுக்குப் போனது.

துக்கம் கேட்கவும் யாரும் வரவில்லை. வர முடியாத காலம் அது. எங்கள் பக்கம் சாவு வீடு என்றால் பெண்கள் தலையை அவிழ்த்துவிட்டு வருவார்கள். வாசலில் யாரும் "வாங்க" என்று சொல்ல மாட்டார்கள். வந்தவர்கள் அந்த வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். அழுது முடித்ததும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவார்கள். வீட்டுக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள். அப்பாவுக்கு இதில் ஒன்றும் நடக்கவில்லை. ஊரடங்கு முடிந்தபோது கருமாதியும் முடிந்திருந்தது. ஆறிய புண்ணைக் கிளற வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் நினைத்தார்கள். புண் ஆறவேயில்லை என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது?

அம்மா அழவில்லை. அன்றைக்கும் அழவில்லை, அதற்குப் பிறகும் அழவில்லை. மற்றவர்கள் வீட்டு எழவுக்குப் போனாலும் ஓரமாக நின்றுவிட்டு வந்துவிடுவாள். கட்டி அழ வருகிறவர்களுக்குக் கையை மட்டும் நீட்டுவாள். "கல்லு மாதிரி நிக்கிறாளே" என்று பேசிக்கொண்டார்கள். எனக்குத்தான் தெரியும், அவள் ராத்திரியில் தூங்குவதில்லை. மாத்திரை கூடிக்கொண்டே போனது. உள்ளே கட்டிக்கொண்டிருப்பது என்றைக்கு அவளைச் சாய்க்குமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். எனக்கும் அழுகை வரவில்லை என்பது அப்போது எனக்கே உறைக்கவில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். அம்மா கொல்லைப்பக்கம் இருந்தாள். தெருக்குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நான் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கழுதையைக் கடைசி ஏற்றத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். உச்சிக்கு வந்ததும் அது படுத்துவிட்டது. தூரத்தில் கடல் தெரிந்தது. தடவுகிற பட்டன் மட்டும் திரையில் மின்னியது.

அழுத்தினேன். அந்தப் பெண் அதன் கழுத்தில் கை வைத்தாள். என் உள்ளங்கையில் மூச்சு நின்று நின்று வந்தது. விரலைக் கொஞ்சம் தளர்த்தினேன். கழுதை தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது, அதன் மூச்சு அடங்கப் போனது. சட்டென்று மறுபடி அழுத்தினேன். அப்போதுதான் புரிந்தது. கையை எடுக்காத வரை அது இருக்கும். நான் கையை எடுத்தால்தான் கதை நகரும்.

எப்படி எடுப்பது? நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். அப்படியே அழ ஆரம்பித்தேன். காதை அடைத்துக்கொண்டிருந்ததால் நான் எவ்வளவு சத்தம் போட்டேன் என்பது எனக்கே தெரியவில்லை. குழாயடி வரை கேட்டிருக்கிறது.

நிமிர்ந்தபோது அம்மா எதிரே நின்றாள். முகம் வெளுத்திருந்தது. ஹெட்போனை இழுத்துவிட்டேன்.

"தம்பிக்கு என்னடி? போன் வந்துச்சா? சொல்லுடி!"

நான் வாயைத் திறப்பதற்குள், அது காதில் விழுந்த எதிர்வீட்டு அத்தை தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். பின்னால் குழாயடியில் நின்ற பெண்கள். அத்தைக்கு எங்கள் அப்பா அண்ணன் முறை. வாரம் தவறாமல் வீட்டுக்கு வருவார். கிளம்பும்போது "வாரேன் மதினி" என்று வாசல் கேட் அருகே நின்று ஒன்பது தடவையாவது சொல்லிவிட்டு இன்னொரு கதையை ஆரம்பிப்பார். அன்றைக்கு அம்மாவை அப்படியே கட்டிக்கொண்டு, "எம் மருமவனே, கடலு தாண்டிப் போயி இப்படிப் பண்ணிட்டியே!" என்று குரலெடுத்துவிட்டார். அம்மா துவண்டு சரிந்தாள்.

"அய்யோ, தம்பி நல்லாத்தான் இருக்கான்!" என்று கத்தினேன். "கழுத! கழுததான் சாகப் போகுது!"

அழுகை பாதியில் நின்றது.

"எந்தக் கழுதடி?" என்றார் அத்தை.

டிவியைக் காட்டினேன். பின்னால் நின்ற ஒருத்தி களுக்கென்று சிரிக்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "ஈரக்கொல நடுங்கிப் போச்சுடி எனக்கு. ஏழு கழுத வயசாச்சு, கழுதைக்கு அழுகுறியா?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அடி விழும் என்று தெரிந்தும் நான் கண்ட்ரோலரை விடவில்லை.

"அந்த ரிமோட்டத்தான் கீழ வையேன்டி" என்றார் அத்தை.

"வைக்க முடியாதுத்த. கைய எடுத்தா செத்துரும்."

அம்மாவின் ஓங்கிய கை இறங்கியது. திரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "எங்க, குடு" என்றாள்.

என் விரலுக்குப் பக்கத்திலேயே அவள் விரலைப் பட்டன் மேல் வைத்து, மெதுவாக என் விரலை நகர்த்திக்கொண்டேன். அம்மா கண்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"மூச்சு வுடுதுடி."

"ஆமாம்மா."

"நா கைய எடுத்தாத்தான் போகுமா?"

"ஆமா."

அம்மா பிடித்துக்கொண்டே இருந்தாள். பெண்கள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"இந்தக் கழுதைக்குக்கூட ஒருத்தி கைய வச்சிக்கிட்டு ஒக்காந்துருக்கா" என்றாள் அம்மா. "அவருக்கு யாரு வச்சிருந்தா? அந்தக் கண்ணாடிக்கு அங்கிட்டு யாரு வச்சிருந்தா, சொல்லு."

சிரிப்பு அடங்கிவிட்டது. அத்தை மெதுவாக அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நா வந்துருக்கணும் மதினி. எங்கண்ணே போன அன்னைக்கு எங்க வாசல்ல நின்னு ஒங்க வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு தெருவத் தாண்டி வர முடியல எனக்கு."

அம்மா அத்தையின் தோளில் சாய்ந்தாள். அப்போது எழுந்த குரலை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அத்தனை காலம் அதை எங்கே வைத்திருந்தாளோ. அத்தை "எண்ணே, எண்ணே" என்று அழுதார். மற்ற பெண்களும் உட்கார்ந்து கட்டிக்கொண்டார்கள். நானும் போய் அம்மாவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். நான் அழுதது அப்பாவுக்குத்தான். அவர் என்னைச் செல்லமாகத் திட்டும் ஒரே வார்த்தை "கழுத" என்பது அப்போது நினைவுக்கு வந்து இன்னும் அழுதேன்.

கண்ட்ரோலர் எப்போது அம்மாவின் கையிலிருந்து நழுவியது என்று தெரியாது. தலையைத் தூக்கியபோது திரையில் அந்தப் பெண் தனியாக நடந்து கடலை நெருங்கியிருந்தாள். யாரும் அதைப் பார்க்கவில்லை.

ஒருவழியாக எல்லாம் ஓய்ந்தது. அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கழுதைக்கு வந்த கூட்டம்தானே என்று அவளுக்கே கூச்சமாகிவிட்டது போல. "இருங்க, காப்பி போட்டு எடுத்தாரேன்" என்று எழுந்தாள்.

அத்தை வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினார். அவிழ்ந்த தலையை முடிந்துகொள்ளவில்லை. எழுந்தார், எங்கள் யாரையும் பார்க்காமல் படி இறங்கிப் போனார். "வாரேன்" என்று சொல்லவில்லை. மற்ற பெண்களும் அப்படியே ஒருவர் பின் ஒருவராகச் சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

அம்மா அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக் கொல்லையிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"தலைக்கு ஊத்துறா" என்றாள் அம்மா.

கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு அவளும் குளிக்கப் போனாள்.