நாலு தராசும் ஒரு கரிவண்டியும்

சின்னமனூரிலிருந்து குமுளிக்கு முப்பது மைல்கூட முழுசாக வராது. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அந்த முப்பது மைலுக்குள் நாலு இடத்தில் மூங்கிலைக் குறுக்கே போட்டு, பக்கத்தில் ஒரு இரும்புத் தராசையும் வைத்திருந்தார்கள். அரிசி மலையேறித் திருவிதாங்கூருக்குப் போய்விடக் கூடாதாம். நல்லது, போக வேண்டாம். நான் ஏற்றிப் போனது வெற்றிலை. வெற்றிலைக் கூடையை நாலு தடவை இறக்கி, நாலு தடவை நிறுத்தால் அது அரிசியாகிவிடுமா? இதை அங்கே யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் ஐந்தாவது தடவையும் நிறுப்பார்கள்.

லாரி தேனி முதலாளி ஒருவருடையது. ஓட்டியவர் உத்தமபாளையம் ஷேக் மைதீன் ராவுத்தர். இருபது வயதில் ஏலக்காய் மூட்டை சுமந்து மலைப்பாதையில் ஏறி இறங்கியவர் அவர். பிடரியில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்த்துப் போயிருந்தது. எஸ்டேட் துரை ஒருவரின் காரை இரண்டு வருஷம் கழுவித் துடைத்து, மூன்றாவது வருஷம் ஓட்டக் கற்று, அப்புறம் லைசென்ஸ் வாங்கினார். அதற்கு அவர் மனைவி லத்திபா மெழுகுத்துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்திருந்தார். ராவுத்தர் அந்தப் பையைப் பகலில் சட்டைக்குள்ளும் இரவில் தலையணைக்கு அடியிலும் வைத்திருப்பார்.

"என் கழுத்துல இருந்து மூட்டைய எறக்குன காகிதம்யா இது, நல்லகண்ணு" என்று என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். நானும் நூறு தடவை தலையாட்டியிருக்கிறேன்.

பெட்ரோல் கிடைக்காத காலம். வண்டியின் பின்பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு தகர உருளை. அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் வண்டி ஓடும். ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. அரைமணி நேரம் நின்றால் கங்கு அவிந்துவிடும். அப்புறம் உருளைக்குப் பக்கத்தில் உள்ள கைச்சக்கரத்தை இருபது நிமிஷம் மூச்சுமுட்டச் சுற்றிக் காற்றூத வேண்டும். நாற்பது கூடையை நிறுத்து முடிக்க ஒருமணி நேரம். ஆக, நாலு தடுப்புக்கும் நாலு தடவை நெருப்பு அவியும், நாலு தடவை நாங்கள் சுற்றுவோம். குமுளியில் இறங்கும்போது எங்கள் முகம் இரண்டும் ஒரே கறுப்பாக இருக்கும்.

முதல் தடுப்பில் எடையைச் சீட்டில் எழுதித் தருவார்கள். மற்ற மூன்று இடத்திலும் அதே எடை இருக்க வேண்டும். வித்தியாசம் வந்தால் டிரைவர் புத்தகத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு. மூன்று குறிப்பு விழுந்தால் அந்த இடத்திலேயே லைசென்ஸைப் பிடுங்கி மதுரைக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போன லைசென்ஸ் திரும்பி வந்ததாக ஒருவரும் சொன்னதில்லை.

தை மாதத்தில் முதல் குறிப்பு விழுந்தது. எடை முப்பது ராத்தல் அதிகம். கூடைக்குள் அரிசி இருக்கிறதென்று அத்தனை கூடையையும் கொட்டிக் கிளறினார்கள். ஒரு மணி அரிசி கிடைக்கவில்லை. ஆனாலும் எழுதினார்கள். மாசியில் இரண்டாவது குறிப்பு, முப்பத்தைந்து ராத்தல் அதிகம். ராவுத்தர் ராத்திரி தூங்கவில்லையாம். மறுநாள் வண்டியை வழியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லகண்ணு, கூடைய நிறுத்ததும் நீ என்ன பண்றே?"

"என்ன பண்ணுவேன்? தண்ணி தெளிச்சு ஏத்துவேன்."

"எல்லா இடத்துலயுமா?"

"வெத்தில வாடாதா ராவுத்தரே?"

அவர் ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெற்றிலைக் கொடி வளர்க்கிற கொடிக்கால்காரன் கை சும்மா இருக்காது. வண்டி நின்றால், கூடை கண்ணில் பட்டால், தண்ணீர் தெளித்துவிடும். அது மூச்சு விடுகிற மாதிரி, யோசித்துச் செய்வதில்லை. கூடைக்கு அடியில் பரப்பிய வைக்கோல் அத்தனை தண்ணீரையும் குடித்துக்கொள்ளும். அவர்கள் நிறுத்தியதால் நான் தெளித்தேன், நான் தெளித்ததால் எடை கூடியது, எடை கூடியதால் அவர்கள் இன்னும் நேரம் நிறுத்தினார்கள். இந்தக் கூத்தை எந்த அதிகாரிக்கு விளக்குவது? விளக்கினோம். "தண்ணீருக்கு ரூல் கிடையாது" என்றார் நாலாவது தடுப்பில் இருந்தவர்.

சித்திரையில் ஒரு நாள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை என்று சத்தியம் பண்ணிவிட்டு ஏறினேன். முதல் தடுப்பில் எடை போட்டார்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஏழெட்டு ராத்தல்தான் வித்தியாசம், கண்டுகொள்ளாமல் விட்டார்கள். வெயில் கொளுத்தியது. கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலாவது தடுப்பு மலையடிவாரத்தில். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். அன்றைக்கு வழிநெடுகக் கல்லுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். ஜில்லாவிலிருந்து பெரிய அதிகாரி வருகிறாராம். அங்கிருந்த ஞானதுரை என்ற அதிகாரியும் சலவை மடிப்புக் கலையாத வெள்ளை உடுப்பில் நின்றார்.

நிறுத்து, ஏற்றி முடித்ததும் அவர் கூட்டிப் பார்த்தார். இருபத்தாறு ராத்தல் குறைவு.

"வழியில் எங்கே இறக்கினாய்?"

"ஐயா, எல வாடிப்போச்சு" என்றார் ராவுத்தர். "அந்தத் தண்ணிதான் கொறஞ்சிருக்கு."

"மாசியில் தண்ணீரால் கூடியது என்றாய். இந்த மாசம் தண்ணீரால் குறைந்தது என்கிறாய். தண்ணீர் என்ன உன் மச்சானா?"

எனக்கு வந்த கோபத்துக்குத் தராசைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டிருப்பேன். ஞானதுரை சிவப்பு மையில் மூன்றாவது குறிப்பை எழுதினார். கையை நீட்டினார். ராவுத்தர் சட்டைக்குள்ளிருந்து பையை எடுத்து, அதிலிருந்து லைசென்ஸை எடுத்துக் கொடுத்தார். வெறும் பையை மறுபடி உள்ளே வைத்தார். அவர் கை தானாகப் பிடரிக்குப் போய் அந்தக் காய்ப்பைத் தடவியது. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"சரி, வண்டியை எடுத்து, முன்னால் அகலமான இடத்தில் ஓரமாக விடு" என்றார் ஞானதுரை.

ராவுத்தர் அசையவில்லை. "லைசென்ஸ் இல்லாம எப்படிங்கய்யா ஓட்டுறது? அது குத்தமில்லையா?"

"பத்து கெஜந்தானே!"

"பத்து கெஜத்துக்கு ரூல் கெடையாதுங்கய்யா."

சொல்லிவிட்டுப் பாறை நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார். கரிவண்டி ஓட்ட அங்கே வேறு ஆள் இல்லை. மேட்டில் நிற்கிற பாரவண்டியைத் தள்ளவும் முடியாது. பின்னால் மாட்டுவண்டிகள் சேர்ந்தன, எஸ்டேட் பஸ் வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் அதற்கும் பின்னால் ஒரு காரின் ஹாரன் கேட்டது. விடாமல் கேட்டது.

ஞானதுரை வியர்த்துப் போனார். புத்தகத்தை வாங்கி, மூன்றாவது குறிப்பைக் குறுக்கே அடித்து, "வெயிலில் இலை வாடியதால்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். லைசென்ஸை நீட்டினார். ராவுத்தர் அதை ஊதி, பைக்குள் வைத்து, பையைச் சட்டைக்குள் வைத்தார்.

"இப்போதாவது எடு!"

"கங்கு அவிஞ்சு போச்சுங்கய்யா. சக்கரம் சுத்தணும். நானும் இவரும் காலையிலேருந்து மூணு தடவ சுத்திட்டோம், கை ஓஞ்சு போச்சு."

தடுப்புச் சேவகர்கள் பின்னால் போய் வண்டிமாடுகளை விலக்கிக்கொண்டிருந்தார்கள். ஹாரன் மறுபடி அலறியது. ஞானதுரை அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு அந்த வெள்ளை உடுப்போடு போய்க் கைச்சக்கரத்தைப் பிடித்தார். சுற்றினார். இருபது நிமிஷம் சுற்றினார். கரித்தூள் முகத்தில், மீசையில், சலவை மடிப்பில் எல்லாம் படிந்தது. நடுவில் ஒரு தடவை நின்று, "தினமும் இப்படியா சுற்றுகிறீர்கள்?" என்று கேட்டார்.

"நாலு தடவைங்கய்யா" என்றேன் நான்.

அவர் மறுபடி குனிந்து சக்கரத்தைச் சுற்றினார்.

என்ஜின் பிடித்தது. ராவுத்தர் ஏறுவதற்கு முன்னால், என்ஜினுக்கு வைத்திருந்த தண்ணீர்த் தகரத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தார். வாடித் தொங்கிய என் வெற்றிலைமேல் தன் கையாலேயே தெளிக்க ஆரம்பித்தார்.

"ராவுத்தரே, எடை கூடிப்போகும்! அஞ்சாவது தடவையும் நிறுப்பாங்க!" என்று பதறினேன்.

"கூடட்டும்" என்றார் அவர், தராசடியில் நின்றவருக்கும் கேட்கிற மாதிரி. ஞானதுரை முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூங்கிலைத் தன் கையால் தூக்கிப் பிடித்தார்.