அப்பா தண்ணீரிலிருந்து தூக்கியவன்

அகதி விண்ணப்பத்துக்காக வழக்கறிஞரிடம் போன அன்று மொன்றியலில் கடும் பனி. வரவேண்டிய மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. அகப்பட்டவள் நான். நான்காம் வகுப்பு. பார்க் எக்ஸ்டென்ஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் படித்திருந்ததால், எனக்குத் தெரியாத பிரெஞ்சே இல்லை என்று நினைத்திருந்தேன்.

அப்பா மன்னாரில் மீன்பிடித்தவர். ஆயுத இயக்கங்கள் தலையெடுத்த புதிதில், ஒரு விடியற்காலை அவர் வலை இழுத்த இடத்துக்குப் பக்கத்தில் இயக்கப் பெடியன்களின் சின்னப் படகும் கடற்படைப் படகும் சுட்டுக்கொண்டன. கால் மணி நேரம்கூட இல்லை. பெடியன்களின் படகு மூழ்கியது. மற்றது புகைந்தபடி விலகிப் போனது. தண்ணீரில் கிடந்த ஒருவனை அப்பா வள்ளத்தில் தூக்கிப் போட்டார். அவன் அந்தப் படகிலிருந்து விழுந்த கடற்படைக்காரன். அவனைக் கரைசேர்த்ததற்காகத்தான் இயக்கம் அப்பாவைத் தேடியது. நாங்கள் ஊரைவிட்டு ஓடிவந்தோம்.

“நேவிக்காரன்ர கதையை இஞ்ச எடுக்காதேங்கோ,” என்றார் அம்மா, காத்திருந்த அறையில்.

“நடந்ததைத்தான் சொல்லுவன்.”

அம்மா என் காதுக்குள் குனிந்தார். “நீ அவனை மீன்பிடிக்காரன் எண்டு மாத்திச் சொல்லு.”

அப்படியே சொன்னேன். வழக்கறிஞர் நெற்றியைச் சுருக்கினார். ஒரு மீனவரைக் காப்பாற்றியவரை எதற்காகக் கொல்லத் தேடினார்கள் என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

அப்பா பாடமாக்கி வைத்திருந்த ஒரே பிரெஞ்சுச் சொல், தன் தொழிலைச் சொல்லும் ‘பெஷேர்’, மீனவன். அது அவர் காதில் விழுந்துவிட்டது.

“பிள்ளை, பெஷேர் நான். நான் தூக்கினது நேவிக்காரனை. அதைச் சொல்லு.”

கடற்படைக்காரன் என்பதற்குப் பிரெஞ்சுச் சொல் தெரியாமல், ‘கடலில் நிற்கும் சிப்பாய்’ என்றேன். வழக்கறிஞர் பேனையை வைத்துவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். முதலிலிருந்து சொல்லச் சொன்னார். மூன்று தரம் சொல்லியும் அப்பாவின் கதையில் ஒரு சொல் மாறவில்லை. பனி கரைந்த பிறகு எங்கள் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

வழக்கறிஞரிடம் போன அன்று திரும்பும்போது மெட்ரோவில் அம்மா தள்ளிப்போய்த் தனியே இருந்தார். முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பாவும் கூப்பிடவில்லை.

மூழ்கிய படகில் அம்மாவின் தம்பியும் இருந்தார் என்பதை வளர்ந்த பிறகே அறிந்தேன். அப்பா மத்தியானம்வரை அவரை அந்தத் தண்ணீரில் தேடியிருக்கிறார். உயிரோடு கிடைத்தவன் அந்தக் கடற்படைக்காரன் ஒருவன்தான்.

அன்றோ நான் அம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்து, “கோவிக்காதேங்கோ அம்மா, அடுத்தமுறை சரியா மாத்திச் சொல்லுறன்,” என்று சத்தியம் செய்துகொண்டிருந்தேன்.