பூனைக்குக் கட்சி கிடையாது

ஃபிரிட்ஜ் மெக்கானிக் போனில் நடத்திவந்த பூனை வளர்ப்போர் குழுவுக்கு ஒரே சட்டம்தான்: அரசியல் பேசினால் வெளியே. பூனைக்கு வயிற்றுப்போக்கு என்று ஒருவர் கேட்டால், குழாய்த் தண்ணீர் சரியில்லை என்பார் இன்னொருவர். மூன்றாமவர் போன ஆட்சியை வம்புக்கு இழுப்பார். மெக்கானிக் கம்ப்ரஸரைக் கழற்றிய கையோடு, எண்ணெய் விரலாலேயே ஆளைத் தூக்கிவிடுவார். சொந்த மச்சினனையே தூக்கியவர் அல்லவா! பூனை கழுத்தில் கட்சிக்கொடி கட்டிப் படம் போட்டிருந்தான் அவன். அன்றிலிருந்து பக்கத்துத் தெருவில் இருந்த அவன் வீட்டோடு பேச்சுவார்த்தையே இல்லை.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுப் பூனையே ஒருநாள் காணாமல் போனது.

"ஜன்னலைத் திறந்து போட்டது நீங்கதானே? பூனை வர்ற வரைக்கும் என்கிட்ட பேசாதீங்க" என்று மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனிதர் ஆடிப்போய்விட்டார். அவள் பேசாத வீட்டில் அவருக்குச் சோறு இறங்காது. உடனே குழுவில் படத்தோடு செய்தி போட்டார்.

"தெருவிளக்கு எரிஞ்சாத்தானே பூனை கண்ணுல படும்?" என்று ஒருவர் ஆரம்பித்தார். தொலைந்தது. விளக்கு அணைந்தது யார் ஆட்சியில் என்று குழுவே இரண்டாகப் பிரிந்து மல்லுக்கட்டியது. "யாராவது பூனையைப் பத்திச் சொல்லுங்கப்பா" என்று அவர் கெஞ்சியதை யாரும் சட்டை செய்யவில்லை.

இதற்கு நடுவே மச்சினன் வேறு மறுபடி மறுபடி குழுவில் சேர அனுமதி கேட்டுக்கொண்டிருந்தான். பெயரைப் பார்த்ததுமே இவர் தள்ளிவிட்டார். மறுநாள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த மனைவிதான் அலறினாள்.

"ஐயோ, அவன் பேருக்குப் பக்கத்துல இருக்கிற படத்தைப் பாருங்க! மடியில இருக்கிறது நம்ம பூனை!"

மூடி போட்ட கூடையை அவர் கையில் திணித்து அனுப்பினாள்.

மச்சினன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "அதைச் சொல்லத்தானே மாமா குழுவுல சேரக் கேட்டுக்கிட்டே இருந்தேன்? சரி, உள்ள வாங்க. குழுவுல நடக்கிற தெருவிளக்குச் சண்டை என் காதுக்கும் வந்துச்சு. அது யார் தப்பு? நீங்களே சொல்லுங்க."

இத்தனை காலம் வாயைக் கட்டி வைத்திருந்த மனிதர். "தெரியாமத்தான் கேக்கறேன்..." என்று தொடங்கியவர், உட்காரக்கூட மறந்து பொரிந்து தள்ளினார். மச்சினனும் விடவில்லை. கடைசியில், "நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு மாமா" என்று அவனே இறங்கி வந்தான். இப்படி மனம்விட்டுப் பேசி எவ்வளவு நாளாயிற்று! மெக்கானிக்குக்கு அவன் மேல் பாசம் பொங்கியது.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். சிரித்த முகத்தோடு கூடையை வாங்கிய மனைவி மூடியைத் திறந்து, காலிக் கூடையைப் பார்த்தாள். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள்.