நீல அங்கியில் இரண்டு கோடுகள்

வியட்நாமில் ஹோய் ஆன் என்ற ஊரில், உடை வாடகைக்குக் கொடுக்கும் கடையில், மருமகள் எனக்கென்று எடுத்துவைத்த நீல அங்கியின் கீழ் ஓரத்தை மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். எங்கள் ஊரை அடுத்த கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் எங்கள் ஐந்து பேரையும் ஆறு நாள் பயணமாக அழைத்துப் போயிருந்தான். அந்த நாட்டு உடையில் குடும்பப் படம் எடுப்பது நான்காம் நாள் திட்டம். கழுத்தை ஒட்டிய பட்டை, இடுப்புக்குக் கீழே இரண்டாகப் பிரிந்து தொங்கும் நீள அங்கி, உள்ளே கால்சட்டை. வேண்டாம் என்று நான்கு தடவை சொல்லிப் பார்த்தேன்.

“என்ன தாத்தா தேடறீங்க? அழுக்கொண்ணும் இல்ல, கேட்டோ,” என்றாள் பேத்தி, பாதி மலையாளத்தில்.

நான் அழுக்கைத் தேடவில்லை. இதே மாதிரி உடையை ஏற்கெனவே ஒரு முறை போட்டிருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது, இடம் பொன்முடி மலை.

அம்மாவின் தம்பி, என் மாமா, வியட்நாமின் சைகோனில் ஒரு துணிக்கடையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். கடையை மூடியதும் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஆரியசாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். பெட்டியை யாரும் தொட விடமாட்டார். வந்த ஐம்பதாம் நாள் அவருக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். நாகர்கோவிலிலிருந்து வந்த அத்தை நன்றாகத் தைப்பாள், அதைவிட நன்றாகச் சிரிப்பாள். மாமாதான் அவளிடம் பேசவில்லை. எண்ணுவது எனக்கு அப்போதே பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கூடவே இருந்து எண்ணினேன். மாமா அத்தையிடம் பேசியது ஏழு வார்த்தை. அதில் இரண்டு ‘போதும்’.

இதைப் பார்க்கப் பொறுக்காமல் அம்மாதான் பொன்முடிக்குப் போய்வரலாம் என்றாள். வாடகைக் கார் சொல்லி, சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு போட்டோக்காரரையும் கூட்டிக்கொண்டோம். கிளம்பும்போது மாமா பெட்டியைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அத்தையின் கையில் கொடுத்தார். மலையில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் அத்தை மடியிலிருந்த பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்குன்னு வாங்கிட்டு வந்திருக்காவ மக்கா,” என்று என் காதில் சொன்னாள். “வெக்கப்பட்டுட்டு இத்தன நாளு தரல்ல.”

மேலே போய்ப் பொட்டலத்தைப் பிரித்தோம். ஒரு பெண்ணுக்கு வெள்ளைப் பட்டில் ஓர் அங்கி. ஒரு பையனுக்கு நீலத்தில் ஒன்று.

“அங்க வருசப் பொறப்புக்கு இதப் போட்டுட்டு வீட்டோட படம் எடுக்கது உண்டு,” என்றார் மாமா. அதுவரை அவர் பேசி நான் கேட்டதிலேயே நீளமான வாக்கியம் அது.

அத்தைக்குத் தோள் பிடித்தது. கழுத்துக் கொக்கி மாட்டவில்லை. அதைக் கையால் மறைத்துக்கொண்டு, “அளவு தெரியாம வாங்கிட்டாவ மதினி,” என்று அம்மாவிடம் பெருமையாகக் குறைப்பட்டுக்கொண்டாள். எனக்கோ அளவெடுத்துத் தைத்ததுபோல் கச்சிதம். அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் என்னை நிறுத்தி, பின்னால் நின்றார் மாமா. குனிந்து பார்க்காமலே அவர் கை என் தோளில் வந்து இறங்கியது. அந்த உயரம் அதற்குத் தெரிந்திருந்தது.

“அம்மா கொறச்சுகூடி சிரிக்கணும்,” என்றார் போட்டோக்காரர் அத்தையிடம், இன்னும் கொஞ்சம் என்று விரலால் காட்டி.

அப்போதுதான் நான் கீழே பார்த்தேன். என் அங்கியின் ஓரத்தில் மங்கலாக இரண்டு மடிப்புக் கோடுகள். பள்ளிக்கூட நிக்கரின் மடிப்பை அம்மா பிரித்து இறக்கினால் விழுமே, அதே கோடு. யாரும் கவனிக்காத ஒன்றை எண்ணிவிட்ட பெருமை எனக்கு.

“அத்தே, இத ரெண்டு வாட்டி பிரிச்சு இறக்கித் தச்சிருக்கு.”

“எங்க மக்கா, காட்டு.”

அத்தை குனிந்தாள். ஒரு கோட்டின் மேல் நகத்தை ஓட்டினாள்; பிறகு மற்றதன் மேல். தையல் தெரிந்த விரல். அதன்பின் என் தோளிலிருந்து மாமாவின் கை எடுபட்டது. போட்டோக்காரர் அந்த நேரம் பார்த்துத்தான் படத்தைப் பிடித்தார்.

இறங்கும்போது வளைவுகளை நான் உரக்க எண்ணிக்கொண்டு வந்தேன். ஒன்பதாவதில் அம்மா என் தொடையில் ஓர் அடி வைத்தாள்.

படம் வந்ததும் அத்தையே சட்டம் போட்டு, மாமா சாப்பிட உட்காரும் இடத்துக்கு எதிரில் மாட்டினாள். அதில் அவள் தலை குனிந்திருக்கும். முப்பத்தெட்டு வருஷம் அதன் முன்னால் அவள் பரிமாறினாள், அவர் சாப்பிட்டார். குழந்தை இல்லை. மாமா கடைசிவரை எதுவும் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு இன்னும் சில நாளாவது கிடைத்திருக்கும். எத்தனை என்று போட்டுப் பார்க்கிறேன், விடை வருவதில்லை.

“தாத்தா, இங்கோட்டு நோக்குங்க. பாஸ்போர்ட் போட்டோ அல்ல இது.”

தெருவில் போகிற கிழவர்களை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு பேர். சைகோன் அங்கிருந்து வெகுதூரம், தெரியும். ஒரு பையன் வளர வளர அவன் அம்மா இரண்டு முறை மடிப்பைப் பிரித்திருக்கிறாள். உயிரோடு இருந்தால் மாமாவின் மகனுக்கு இன்று என் வயது. அவர்களை அவர் விட்டுவிட்டு வந்தாரா, இழந்துவிட்டு வந்தாரா, அதுவும் தெரியாது.

அன்றைக்குக் காரில் அடி விழுந்தது நான் தப்பாக எண்ணியதற்கு என்று நினைத்தேன். கோடுகள் மூன்றாக இருந்திருக்குமோ என்று பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.