செபரேட்டட் வீட்டுக்கு வந்த மாதா

அக்டோபர் சாயங்காலங்களில் மயிலாப்பூரில் எங்கள் சந்து முழுக்க மெழுகுவத்தி உருகும் வாசனையும் மல்லிகை வாசனையும் கலந்தடிக்கும். ஜெபமாலை மாதம் என்பதால் கோயிலிலிருந்து மாதா சொரூபம், அதாவது சிலை, ஒரு நாளைக்கு ஒரு வீடாகத் தங்கிப் போகும். பக்கத்து வீட்டுக்கு வந்துவிட்டால் அடுத்தது நாம்தான் என்று வாசலைக் கழுவி, "சீரியல் செட்" விளக்குச் சரம் தொங்கவிட்டுக் காத்திருப்போம்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் அப்பா ராயப்பேட்டைக்குத் தனியாகக் குடிபோய்விட்டார். அந்த அக்டோபரில் சொரூபம் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. எனக்கு அழுகை முட்டியது. பள்ளிக்கூட டீச்சரான அம்மாவோ விறுவிறுவென்று இறங்கிப்போய் ஊர்வலத்தையே நிறுத்திவிட்டாள்.

ஊர்வலத்துக்குப் பொறுப்பான ஸ்டெல்லா ஆன்ட்டி குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர், டைவர்ஸ் ஆன வீட்ல மாதாவ வெச்சா நாலு பேர் பேசுவாங்க" என்றார்.

"டைவர்ஸுன்னு யாரு சொன்னது? நாங்க செபரேட்டட். ஆளுக்கொரு வீட்ல இருக்கோம், அவ்ளோதான். கோயில்ல நடந்த கல்யாணம் அப்படியேதான் இருக்குது."

டீச்சரம்மா இங்கிலீஷில் சொன்னால் அதற்கு மேல் பேச்சேது? மறுநாள் மாதா எங்கள் வீட்டுக்கு வந்தார். செபரேட்டட் என்றால் கதவு சாத்தியிருக்கிறது, டைவர்ஸ் என்றால் பூட்டிச் சாவியை வீசியாகிவிட்டது என்று நானாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். எல்லோரும் சுண்டல் வாங்கிக்கொண்டு போனபின் அம்மாவிடம் கேட்டேன்: "அப்போ நெஜமாவே டைவர்ஸ் ஆனவங்க வீட்டுக்கு மாதா வர மாட்டாங்களா?"

"பேசாம சாப்பிடு" என்றாள். ஜெயித்தவளின் முகமாக அது இல்லை.

அப்பா திரும்பி வரவில்லை. சாத்திய கதவும் கதவுதான் என்று வளர்ந்தபின் புரிந்தது. எனக்கும் ஒரு கல்யாணம் நடந்தது, முறிந்தது. என் கதையில் செபரேட்டட் எல்லாம் கிடையாது, கோர்ட்டில் முடித்த சுத்தமான டைவர்ஸ்.

இப்போது திருவான்மியூரில் அம்மாவும் நானும் இருக்கிறோம். மாதா லிஃப்டில் வருகிறார். சந்தும் இல்லை, சீரியல் செட்டும் இல்லை, கோலம்கூட ஸ்டிக்கர்தான். போன அக்டோபரில் சொரூபத்தை ஏந்தி வந்த பெண் வாசலிலேயே நின்று, "மாப்ள ஊர்ல இல்லியா ஆன்ட்டி?" என்று அம்மாவிடம் கேட்டாள்.

அம்மா குரலைத் தாழ்த்தவில்லை.

"எம் பொண்ணுக்கு டைவர்ஸ் ஆயிடுச்சும்மா. மாதாவ உள்ள கொண்டா, கை வலிக்கப் போவுது."