ஐந்து மீன், இரண்டு மரக்கறி

யோசனை வந்தது சலூன் கதிரையில். வியாழக்கிழமை பின்னேரம், மட்டக்களப்பு. பாதித் தலை வெட்டியாகிவிட்டது. முடி வெட்டுகிற அண்ணன் கத்தரிக்கோலை நிறுத்திச் சொன்னார்: "திருகோணமலையில ஒரு பொலிஸ் சார்ஜனுக்கு வழக்கு. ஒரு ஆளின்ர தலையைத் தண்ணிப் பீப்பாய்க்குள்ள அமுக்கினதாம். நாளைக்கு யூரி தீர்ப்புச் சொல்லுதாம்."

யூரியா? நான் அதைப் படத்தில் மட்டும்தான் கண்டிருக்கிறேன். நம் நாட்டிலும் ஏழு பேர் கூடியிருந்து தீர்ப்புச் சொல்கிறார்கள் என்றால் பார்க்காமல் எப்படி இருப்பது? "அண்ணன், மற்றப் பாதியைக் கெதியா வெட்டுங்க" என்றேன்.

வெள்ளி காலை 5.30க்கு பஸ். சுமார் 130 கிலோமீற்றர், டிக்கெட் 480 ரூபா. வெருகல் பாலத்தில் நன்றாக விடிந்துவிட்டது. ஈச்சிலம்பற்றில் வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒருவர் ஏறி என் பக்கத்தில் இருந்தார். சும்மா இருக்கிற ஆளா நான்? தீர்ப்புப் பார்க்கப் போகிற கதையை எடுத்துவிட்டேன். "எனக்கென்னவோ சார்ஜனை விட்டுடுவாங்க போலதான் கிடக்கு" என்று முடிவும் சொன்னேன்.

"அப்படியோ?" என்றார் அவர். "அந்தத் தண்ணிப் பீப்பாய்க்குள்ள போனது என்ர தலைதான், தம்பி."

மூதூர் வரைக்கும் நான் யன்னலுக்கு வெளியே மாடுகளை எண்ணினேன்.

மூதூரில் பஸ் நின்றதும் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டார். பெயர் தவராசா, இலங்கைத்துறையில் மீன் பிடிப்பவர். யாருடையதோ படகு எஞ்சின் காணாமல் போக, சார்ஜன் இவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பீப்பாய்த் தண்ணீரில் தலையை அமுக்கியதாக வழக்கு. கொலை முயற்சி. சார்ஜன் சொல்வது வேறு: விசாரிக்கப் போனபோது இவர் பயந்து கடலுக்குள் பாய்ந்து தண்ணீர் குடித்துவிட்டாராம். எஞ்சின் பிறகு வேறெங்கோ அகப்பட்டது. என்றாலும் ஊரில் பாதிப் பேர் "களவெடுக்காதவன் ஏன் பாய்ஞ்சான்?" என்று இன்னும் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அவருடைய மகளிடமும் கேட்கிறார்களாம்.

"ஏழு வயசில இருந்து கடல்ல நிற்கிறன். முழங்கால் தண்ணியில தாண்டு போனனாம்! அவருக்கு எத்தினை வருசம் மறியலெண்டாலும் குடுக்கட்டும். நான் பாயேல்லை எண்டு அந்த ஏழு பேரும் சொன்னாக் காணும்."

9.20க்குத் திருகோணமலை. 10.15க்கு நீதிமன்றத்தில் யூரர்களை அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள். முடிவு எடுக்கும்வரை வெளியே வர ஏலாது, சாப்பாடும் உள்ளேதான் போகும். அது எதிரே இருக்கிற கடையிலிருந்து போவதால், ஊரின் ஊகமெல்லாம் அந்தக் கடையில்தான் கூடியிருந்தது.

பதினொன்றரைக்குக் கடைக்கார நானா ஓடர்த் துண்டைத் தூக்கிக் காட்டினார். "அஞ்சு மீன், ரெண்டு மரக்கறி! விளங்குதா?"

எல்லாருக்கும் விளங்கிவிட்டது. ஏழில் ஐந்து பேர் ஒரு பக்கம் நின்றால் தீர்ப்புச் செல்லும். ஒரே முடிவுக்கு வந்தவர்கள் ஒரே கறியைத்தான் கேட்பார்கள் என்பது அந்தக் கடையின் சட்டம். ஆனால் மீன் எந்தப் பக்கம்?

"மீன் கேட்டவன் கடல் பக்கம். சார்ஜன் உள்ளுக்குத்தான்" என்றார் ஓட்டோக்கார ரவூப்.

"போடா! மீனில முள்ளிருக்கு. முள்ளுப் பாத்துத் தின்னுறவன் எல்லாத்துக்கும் சந்தேகப்படுவான். சந்தேகம் வந்தா சார்ஜன் வெளியில" என்றார் நானா.

பார்சலைக் கட்டி அனுப்பி, நானா ஜும்ஆவுக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தும் சண்டை முடியவில்லை. திருகோணமலைத் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று வாசலில் வாழைப்பழத்தோல் தின்றுகொண்டிருந்தது. "அது மரக்கறிக் கட்சி" என்றார் ரவூப்.

தவராசா மூலையில் சோற்றையும் பருப்பையும் பிசைந்தபடி இருந்தார். ஒரு வாய்கூட உள்ளே போனதாகத் தெரியவில்லை. மெல்லக் கேட்டார்: "நானா, நான் எந்தக் கட்சி?"

நானா அவருடைய சோற்றையும் பருப்பையும் பார்த்தார். "நீங்களா? மரக்கறி."

"ஏன் மரக்கறி?"

நானா தலையில் கை வைத்தார். "யா அல்லாஹ்! இண்டைக்கு வெள்ளிக்கிழமை!"

வெள்ளிக்குச் சைவம் சாப்பிடுகிற இரண்டு பேர் உள்ளே இருக்கிறார்கள். அந்தத் துண்டு சொன்னது அவ்வளவுதான். வெள்ளித் தொழுகை ஜும்ஆவுக்கே போய் வந்த மனிதருக்கு அது உறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மீன்சட்டியைத் தொடவிடாத வீட்டுப் பிள்ளை நான்; அப்போதுதான் என் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தேன். பாரை மீன், முள் மட்டும் மிச்சம்.

3.40க்கு, யூரி முடிவெடுத்துவிட்டது என்று கேட்டு எல்லாரும் நீதிமன்றத்துக்கு ஓடினோம். யூரர்களின் தலைவி, கண்ணாடி போட்ட ஒரு அம்மா, எழுந்து சொன்னார்: ஏழு பேரும் ஒரே முடிவு. குற்றவாளி.

தவராசா வெளியே வந்து போனை எடுத்தார். "மகள், நான் பாயேல்லையாம்... ஓம், ஏழு பேரும் சொல்லிட்டினம். கேக்கிற ஆக்களுக்குச் சொல்லு. ஏழு பேரும்." அந்த "ஏழு பேரும்" எத்தனை தடவை வந்ததென்று எனக்குத் தெரியாது.

நானா மீன் ரோல் தட்டோடு ஓடி வந்தார். "இதைச் சாப்பிட்டுத்தான் போகணும்!"

"வெள்ளிக்கிழமை, நானா."

"திரும்பவும் மறந்து போச்சு!" வீதியே சிரித்தது.

ஐந்து மணி பஸ்ஸில் திரும்பும்போது ஒன்று உறைத்தது: அந்த ஏழு பேரும் எங்களைப் போன்ற ஆட்கள்தான். எங்கேயோ ஒரு பட்டியலில் பெயர் இருந்ததால் வந்தவர்கள். திங்கட்கிழமை மட்டக்களப்பு நீதிமன்றக் கந்தோருக்குப் போய் அந்தப் பட்டியலில் என் பெயரும் ஏற வழியுண்டா என்று கேட்கப் போகிறேன். ஏறினால் என்ன பார்சல் கேட்பதென்று இப்போதே முடிவு செய்துவிட்டேன். முட்டை. எந்தக் கட்சி என்று எங்களூர்க் கடைக்காரர் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும்.