கடை வாசலில் ஆறடி மீன் டின்

இன்று காலை ஓவியர் ஜோசப் ஒரு பெரிய மீன் டின் படத்தோடு என் கடைக்கு வந்தார்.

எங்கள் ஊர் உக்குவளையில் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தவர். கொழும்புக்குப் போனபின் சோப்பு, பிஸ்கட், மீன் டின் என்று கடைச் சாமான்களையே ஆளுயரத்துக்கு வரைகிறார். வெளிநாட்டில் இதைப் 'பாப் ஆர்ட்' என்கிறார்களாம். கொழும்பில் ஒன்றுகூட விலைபோகவில்லை.

"நானா, வாசல்ல மாட்டி வைங்க. யாராவது நின்னு பார்த்தா போதும்."

பாவமாக இருந்தது, மாட்டினேன்.

பத்தே நிமிடத்தில் கியூ. அரசாங்கம் இறக்குமதியை நிறுத்தியபின் மீன் டின்னை இங்கே யார் கண்டது?

"இது வெறும் படம்மா" என்றேன்.

முதலில் நின்ற எல்கடுவத் தேயிலைத் தோட்டத்து அம்மா விடவில்லை. "சரக்கு இல்லாமயா இம்புட்டுப் பெருசா வைப்பீங்க? உள்ள பதுக்கிட்டீங்களா முதலாளி?"

பதுக்கல் என்ற பேச்சு விலைக் கட்டுப்பாட்டு இன்ஸ்பெக்டர் காதுக்குப் போனால் என் லைசன்ஸ் போய்விடும். உடனே படத்தைக் கழற்றச் சொன்னேன்.

ஜோசப் கியூவையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொழும்புல என் கண்காட்சிக்கு நாலு பேருதான் வந்தாங்க நானா. இன்னும் பத்து நிமிஷம் இருக்கட்டுமே."

சரி என்றேன். அரை மணியாகிறது, கியூ பஸ் ஸ்டாண்டைத் தொட்டுவிட்டது.

இப்போது கழற்றினால் சரக்கை ஒளித்துவிட்டேன் என்பார்கள். கழற்றாவிட்டால் இன்ஸ்பெக்டர் வருவார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? சீக்கிரம் சொல்லுங்கள்.